கைக்கடக்கமான ஜி.பி.எஸ்.ஸும் அடங்காத டாக்டரும்

லிவர்மோர் விமானத்தளத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வாரத்தில் ஒருநாள் அங்குள்ள விமானக் கிளப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால்தான் எனக்குச் சாப்பாடு செரிக்கும். போன மாதம் அப்படிப் போயிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இருவர் மடியிலும் ஐபேட்.

"மேகத்துக்குள்ளே கையில வெச்சிருக்கிற ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்து ஓட்டக்கூடாதுன்னு நீங்க ஒரு விதி எழுதினீங்களாமே, நிஜமா?" என்றாள் ஒருத்தி.

"எழுதினதும் நிஜம். அதை நானே மீறினதும் நிஜம்" என்றேன்.

அதற்குள் அவர்களுக்கு வகுப்பு நேரமாகிவிட்டது. பாதிக் கதையைக் கேட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். மீதிப் பாதியும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் பொள்ளாச்சிக்காரி. பெயர் வசந்தி, அமெரிக்க வாயில் அது 'வாஸ்' ஆகிவிட்டது. இங்குள்ள ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த கணவரோடு லிவர்மோருக்கு வந்தேன். துணி காயப்போடும்போதெல்லாம் தலைக்கு மேலே சின்னச் சின்ன விமானங்கள் போகும். ஒருநாள் காரை நேராக விமானத்தளத்துக்கே விட்டு, "ஒரு ரவுண்டு போக எவ்வளவு?" என்று கேட்டேன். அன்று தொடங்கியதுதான். உரிமம், அதற்கு மேல் உரிமம், அதற்கும் மேல் கற்றுக்கொடுக்கும் உரிமம் என்று வாங்கி முடிப்பதற்குள் என் பிள்ளைகள் ஹைஸ்கூலுக்குப் போய்விட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளப்பில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன்.

அங்கே தலைமைப் பயிற்சியாளர் வால்ட். ஒருகாலத்தில் தபால் மூட்டை ஏற்றிய விமானங்களை நாடு முழுக்க ஓட்டியவர். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். குரல் மட்டும் பக்கத்தில் குழந்தை தூங்குகிற மாதிரி இருக்கும். அவர் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு ரப்பர் வட்டுகள் கிடக்கும். குளியலறையில் சோப்பு ஒட்டவைக்கிற வட்டுகள். மாணவர் சுகமாக ஓட்டிக்கொண்டிருக்கும்போது, பேச்சே இல்லாமல் நீண்ட கையை நீட்டி, முக்கியமான ஒரு கருவியின் மேல் வட்டை ஒட்டிவிடுவார். 'இது கெட்டுப்போச்சு, இனி என்ன செய்வாய்?' என்று அர்த்தம். பிறகு ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பார். தப்புச் செய்தாலும் திட்டமாட்டார். இன்னும் கவனமாக வேடிக்கை பார்ப்பார், அவ்வளவுதான். எனக்கு அதைவிடத் திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். பாராட்ட அவரிடம் இருந்தது ஒரே சொல்: "மோசமில்லை." அதை வாங்கிய அன்று வீட்டில் பாயசம் வைத்திருக்கிறேன். வால்ட் பேசியதெல்லாம் ஆங்கிலம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்கு அது தமிழில்தான் கேட்கிறது.

மேகத்துக்குள் ஓட்டுவது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழைந்துவிட்டால் கண்ணாடிக்கு வெளியே வெள்ளைச் சுவர்தான். மேலே எது, கீழே எது என்று உடம்பு ஏதேதோ சொல்லும். அது சொல்வது பெரும்பாலும் பொய். எதிரே இருக்கும் கருவிகளை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். அதற்குத் தனியாகப் படித்து, தனியாகத் தேர்வு கொடுத்து, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் வாங்க வேண்டும். வழி காட்டத் தரையில் ஆங்காங்கே ரேடியோ நிலையங்கள் உண்டு. ஒன்றின் அலைவரிசையை வைத்தால் விமானத்தின் கருவிப் பலகையில் ஒரு முள் நகரும். முள் நடுவில் நின்றால் நாம் பாதையில் இருக்கிறோம். சிக்னல் கெட்டுப்போனால் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துண்டு வந்து விழும். 'என்னை நம்பாதே' என்று கருவியே சொல்லிவிடும். அந்தச் சிவப்புத் துண்டுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த விஷயம்.

இந்த நிலைமையில்தான் டாக்டர் பழனிசாமி வந்து சேர்ந்தார்.

ஈரோட்டுக்காரர். எங்களுக்குக் கிழக்கே, மலைகளைத் தாண்டினால் வரும் பெரிய பள்ளத்தாக்கில், டிரேசி என்ற ஊரில் இருதய டாக்டர். வாரத்தில் இரண்டு நாள் அதே பள்ளத்தாக்கில் தெற்கே உள்ள சிறு ஊர்களில் கிளினிக் வைத்திருந்தார். அங்கே வேறு இருதய டாக்டர் கிடையாது. காரில் போனால் போக வரவே நாள் போய்விடும் என்று நான்கு பேர் உட்காரும் விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்கியிருந்தார். வெயில் நாளில் பிரச்சினையில்லை. குளிர்காலத்தில் மேகம் இறங்கி உட்கார்ந்துகொண்டால் கிளினிக் ரத்து. பேஷன்ட்டுகள் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அதனால்தான் ரேட்டிங் வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

முதல் வகுப்புக்கு வந்தவர் பையிலிருந்து ஒரு கருப்புக் கருவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். செங்கல்லை நெட்டுவாக்கில் பாதியாக அறுத்த மாதிரி இருந்தது. சாம்பல் திரை, ரப்பர் பொத்தான்கள், ஜன்னலில் ஒட்டுகிற ஒரு ஆன்டெனா. உள்ளே சாதாரண பேட்டரி.

"அம்மிணி, இது ஜி.பி.எஸ். சாட்டிலைட்டே சொல்லுது நம்ம எங்க இருக்கோம்னு. இனி அந்த முள்ளு, சிவப்புத் துண்டெல்லாம் எதுக்குங்க? நேரா இதைப் பாத்தே போயிரலாம்!"

"மேகத்துக்குள்ள அதைப் பாத்துப் போகக்கூடாதுங்க டாக்டர்."

"எந்த ரூல்ல எழுதியிருக்குதுங்க? காட்டுங்க."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அப்போது அதெல்லாம் புதிது. விமானப் பலகையிலேயே பதிக்கிற ஜி.பி.எஸ். கருவிகளுக்கு அரசாங்கம் அப்போதுதான் ஒவ்வொன்றாக அங்கீகாரம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. அவை விலையும் அதிகம். கையில் பிடிக்கிற கருவியைப் பற்றி விதிப் புத்தகத்தில் நேராக ஒரு வரி இல்லை. கையடக்க மின்கருவி எதுவானாலும், அது விமானத்தின் கருவிகளைக் குழப்பாது என்று ஓட்டுகிறவர் தீர்மானித்திருக்க வேண்டும் என்று ஓரிடத்தில் இருந்தது. 'பயன்படுத்தப்போகும் தரை நிலையங்களுக்கு ஏற்ற வழிகாட்டும் கருவி' விமானத்தில் இருக்க வேண்டும் என்று இன்னோரிடத்தில் இருந்தது. அந்த வரியைக் காட்டினேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். முகம் மலர்ந்தது.

"தரை நிலையத்துக்கு ஏத்த கருவின்னுதானுங்க போட்டிருக்கு! ஜி.பி.எஸ்.ஸுக்குத் தரை நிலையமே இல்லையே. ஆகாசத்துல இல்ல இருக்குது? அப்ப இந்த ரூல் எனக்குப் பொருந்தாதுங்க."

மருத்துவம் படிக்காமல் சட்டம் படித்திருக்க வேண்டிய மனுஷன். அவரை வால்ட்டின் அறைக்கு அழைத்துப்போனேன். வால்ட் முழுவதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "டாக்டர், நீங்கள் சொல்வது நியாயம். உங்கள் கருவிக்குத் தரையில் நிலையம் இல்லை. இறங்குவது மட்டும் எங்கே? ஆகாயத்திலா?" என்று கேட்டார்.

டாக்டர் விமானக் கொட்டகையே அதிரும்படி சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. வால்ட் என் பக்கம் திரும்பி, "இது இவரோடு நிற்காது. இந்த வருஷம் கிளப்பில் பாதிப்பேர் இதை வாங்கிவிடுவார்கள். கிளப்புக்கு ஒரு விதி எழுது, வாஸ். ஒரே பக்கம். எழுதுவதற்கு முன்னால் கருவியைத் தெரிந்துகொள்" என்றார்.

நான் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். 'கொண்டுவரக்கூடாது' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்பது என் எண்ணம். வால்ட் எதையும் கூடாது என்று சொல்கிறவர் இல்லை. "காட்டு" என்பார். ஆகவே, நல்ல வெயில் நாள் ஒன்றில் டாக்டரின் விமானத்தில் மூவரும் கிளம்பினோம். ஓட்டியவர் டாக்டர், பக்கத்தில் நான், பின்சீட்டில் காலை மடக்கிக்கொண்டு வால்ட்.

முதலில், கருவி விமானத்தைக் குழப்புகிறதா என்று பார்த்தோம். முள்ளை ஒரு நிலையத்தில் வைத்து நடுவில் நிறுத்திக்கொண்டோம். கருவியை அணைத்தால் முள் எங்கே, போட்டால் எங்கே, ஆன்டெனாவை முன்கண்ணாடியில் ஒட்டினால் எங்கே, பக்கக் கண்ணாடியில் ஒட்டினால் எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முள் அசையவே இல்லை. ரேடியோவில் ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் 'இப்ப என்ன சொல்றீங்க?' இருந்தது.

பின்சீட்டிலிருந்து வால்ட் சொன்னார்: "நல்லது. இப்போது எதிர்ப்பக்கம். விமானம் கருவியைக் குழப்புகிறதா பார்ப்போம்."

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. கிளினிக் ஊர்களுக்குப் போகும் வழியில் பேச வேண்டிய அலைவரிசைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பேசச் சொன்னார். பேசினேன். திரையின் ஓரத்தில் சாட்டிலைட்டுகளின் சிக்னலைக் காட்டும் சின்னக் கம்பங்கள் வரிசையாக நிமிர்ந்து நின்றன. பள்ளத்தாக்கில் பறக்கும் விமானங்களைத் தரையிலிருந்து ராடாரில் பார்த்து வழிகாட்டும் கன்ட்ரோலரின் அலைவரிசைக்கு வந்தோம். பட்டனை அழுத்திப் பேசத் தொடங்கியதும் கம்பங்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன.

"நீளமாகப் பேச அனுமதி கேள்" என்றார் வால்ட். ரேடியோவைச் சோதிக்க ஒன்று முதல் பத்து வரை எண்ணிக் காட்டும் வழக்கம் உண்டு. கன்ட்ரோலரிடம் கேட்டேன். அவருக்கும் அன்று வேலை குறைவு போலிருக்கிறது. "எண்ணுங்கள், கேட்கிறேன்" என்றார். நான் எண்ண ஆரம்பித்ததும் வால்ட் டாக்டரின் தோளைத் தட்டி இடதுபக்கம் திரும்பச் சொன்னார். பத்து வரை எண்ணி, பத்திலிருந்து கீழேயும் எண்ணி முடிப்பதற்குள் விமானம் நன்றாகவே திரும்பிவிட்டது. மவுன்ட் டயாப்லோ மலை ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு வந்துவிட்டது.

திரையிலிருந்த குட்டி விமானமோ நேராகப் போய்க்கொண்டிருந்தது. நிற்கவில்லை, மறையவில்லை, தயங்கவில்லை. இல்லாத ஒரு பாதையில் அழகாக, வழவழவென்று போய்க்கொண்டிருந்தது. நான் பட்டனை விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கம்பங்கள் எழுந்தன. குட்டி விமானம் ஒரே குதியில் சரியான இடத்துக்கு வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றது.

டாக்டர் வாதாடாமல் விமானத்தைத் தளத்துக்குத் திருப்பினார். அவரோடு பழகிய அத்தனை நாளில் அது முதல் தடவை.

தரையில் இறங்கிய பிறகு நான் கேட்டேன். "ஏனுங்க டாக்டர், மருந்துக் கடையில விக்கிற பி.பி. மிஷினை உங்க ஐ.சி.யூ.வுல வெப்பீங்களா?"

"வீட்டுல பாத்துக்கறதுக்குப் பரவால்லீங்க. ஐ.சி.யூ.ல வெக்க மாட்டேன்."

"ஏனுங்க?"

"ஐ.சி.யூ. மானிட்டர்ல ஒயர் கழண்டா அலாரம் அடிக்கும். பழைய ரீடிங்கைக் காட்டிட்டுச் சும்மா உக்காந்திருக்..." பாதியில் நிறுத்தினார். கருவியைப் பார்த்தார். "அடக் கெரகமே" என்றார்.

அவ்வளவுதான் வித்தியாசம். அங்கீகாரம் பெற்ற கருவி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் எச்சரிக்கும். இவரிடம் இருந்தது எவ்வளவு கெட்டிக்காரக் கருவியானாலும், தனக்குத் தெரியாது என்பது அதற்குத் தெரியாது. கெட்டிக்கார மனுஷர்களிலும் அப்படி உண்டு; அதை அன்று நான் சொல்லவில்லை.

விதியை எழுத உட்கார்ந்தபோது என் 'கூடாது' எனக்கே சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்தது. முள்ளோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கருவி எவ்வளவு உதவும் என்பதையும் அதே பயணத்தில் பார்த்திருந்தேனே. எனவே இப்படி எழுதினேன். கொண்டுவரலாம்; அந்த விமானத்தில் வெயில் நாளில் இரண்டு பக்கமும் சோதித்திருக்க வேண்டும். மேகத்துக்குள் வழி பார்ப்பது முள்ளில். கருவி சாட்சிக்கு மட்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கருவியை நம்பாமல் கன்ட்ரோலரைக் கேட்க வேண்டும். கருவி இருப்பதைக் கன்ட்ரோலரிடம் சொல்லலாம். ஆனால் அங்கீகாரமில்லாதது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் ராடாரில் பார்த்து ஒரு திசை கொடுத்தால், பறப்பது அவர் கொடுத்த திசையில். பேசிக்கொண்டிருக்கும்போதும் பேசி முடித்த உடனேயும் திரையைப் பார்க்கக்கூடாது.

வால்ட் படித்துவிட்டு, அடியில் பென்சிலால் ஒரு வரி சேர்த்தார்: 'அவசர நிலையில் மேலே உள்ள எதையும், தேவையான அளவுக்கு, மீறலாம்.'

எனக்குப் பிடிக்கவில்லை. "இதைப் போட்டால் எல்லோரும் எல்லாவற்றையும் அவசரம் என்பார்கள்."

"இது என் வரி இல்லை. நாட்டின் விதியே அதுதான். ஓட்டுகிறவர்தான் கடைசித் தீர்மானம்."

"எது அவசரம் என்று எப்படி அளப்பது?"

வால்ட் ஜன்னலைப் பார்த்தார். "ரேடியோவில் எல்லோர் காதிலும் விழும்படி அந்தச் சொல்லைச் சொல்ல நீ தயாரா? தயார் என்றால் அவசரம். சொல்ல வெட்கமாக இருந்தால் அவசரம் இல்லை."

அந்த வரி அப்படியே நின்றது. டாக்டர் ஒழுங்காகப் படித்து, முள்ளை நம்பி, ரப்பர் வட்டுகளோடு மல்லுக்கட்டி, அடுத்த வருஷம் ரேட்டிங் வாங்கினார்.

வாங்கிய குளிர்காலத்திலேயே அது நடந்தது. மேகத்துக்குள் முதல் கிளினிக் பயணத்துக்குத் துணைக்கு வரச் சொல்லி டாக்டர் என்னை அழைத்திருந்தார். போனது நன்றாகவே போனது. பேஷன்ட்டுகளைப் பார்த்து முடித்து, பிற்பகலில் லிவர்மோருக்குக் கிளம்பினோம். பள்ளத்தாக்கின் மேல் மேகம் கூரை போட்டிருந்தது. ஆனால் கூரைக்கும் தரைக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது. அதற்குள்ளிருந்துதான் மேலே ஏறினோம். மேற்கே லிவர்மோரை நெருங்க நெருங்க மலைகள் தொடங்கும். மேகமும் மலையும் அங்கே ஒன்றாகக் கிடந்தன. டாக்டர் அழகாக ஓட்டிக்கொண்டிருந்தார். கன்ட்ரோலர் கொடுத்த திசையில், முள்ளைப் பார்த்தபடி, மலைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம்.

முதலில் வாசனைதான் வந்தது. பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. "ஏனுங்க அம்மிணி..." என்று டாக்டர் ஆரம்பிக்கும்போதே பலகைக்குப் பின்னாலிருந்து நூல் மாதிரி புகை வந்தது.

மின்சாரப் புகைக்கு நடைமுறை ஒன்றே ஒன்று: மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். எஞ்சின் நிற்காது, அதற்குத் தனி ஏற்பாடு உண்டு. விமானம் நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று காட்டும் ஹொரைஸன் கருவியும் காற்றில் ஓடுவது, அதுவும் நிற்காது. ஆனால் ரேடியோ போய்விடும், முள் போய்விடும், ராடாரில் நம்மை அடையாளம் காட்டுகிற கருவியும் போய்விடும். மலைப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது, மேகத்துக்குள், குருடாகவும் ஊமையாகவும் ஆகிவிடுவோம்.

அணைப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை பேச நேரமிருந்தது. பட்டனை அழுத்தினேன். அந்தச் சொல் என் வாயில் கனமாக இருந்தது. ஆனால் சொல்ல வெட்கமாக இல்லை. "எமர்ஜென்சி. விமானத்துக்குள் மின்சாரப் புகை. எல்லாவற்றையும் அணைக்கிறோம். கிழக்கே திரும்பிப் பள்ளத்தாக்குக்குப் போய் அங்கே இறங்குகிறோம்" என்றேன். "புரிந்தது. கீழே வழியைக் காலி செய்கிறேன்" என்று பதில் வந்தது. சுவிட்சை அணைத்தேன். முள்ளுக்குப் பக்கத்தில் சிவப்புத் துண்டு விழுந்தது. காற்றுக் குழாயைத் திறந்ததும் புகை மெல்லக் குறைந்தது.

டாக்டரின் கை ஜன்னலோரம் சொந்த பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ். பக்கம் போயிற்று.

"தொடாதீங்க டாக்டர். இப்பத்தான் பேசினேன், அது இன்னும் முழிச்சிருக்காது. காம்பஸ்ஸைப் பாத்து நான் சொல்றேன், நீங்க திருப்புங்க. அந்த ஹொரைஸனை மட்டும் பாருங்க. வேற எதையும் பாக்காதீங்க."

"சரிங்க."

அவர் திருப்பினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், மிதக்கும் காம்பஸ்ஸைப் பார்த்தேன். திரும்பி முடித்து நேரான பிறகுதான் கருவியைக் கையில் எடுத்தேன். கம்பங்கள் நிமிர்ந்திருந்தன. குட்டி விமானம் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. காம்பஸ்ஸும் கிழக்கு என்றது. கடிகாரம் சொன்ன தூரமும் கருவி சொன்ன தூரமும் ஏறக்குறைய ஒத்துப்போயின. மூன்று சாட்சிகள் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம் என்று தீர்மானித்தேன்.

கொண்டுவரவே கூடாது என்று விதி எழுத நினைத்தவள் நான். அந்தக் கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தவளும் நான்தான். டாக்டர் தன் சொந்தக் கருவியை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் நெருக்கடி நேரத்தில் அவர் எப்படி இருப்பார் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நெற்றியில் வேர்வை, கையில் நடுக்கமே இல்லை. எத்தனை அடி உயரம் என்று மட்டும் அவ்வப்போது நிதானமாகச் சொன்னார். நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன்.

மலைகளைத் தாண்டி, பள்ளத்தாக்கின் நடுவுக்கு வந்துவிட்டோம் என்று சாட்சிகள் சொல்லும்வரை இறங்க விடவில்லை. அங்கே தரை தோசைக்கல் மாதிரி. முட்டிக்கொள்ள எதுவும் இல்லை. "இப்ப மெதுவா இறக்குங்க" என்றேன். வெள்ளை, இன்னும் வெள்ளை, சாம்பல். பிறகு டாக்டரின் காலுக்குக் கீழே ஒரு கால்வாய் பளபளத்தது. அதன் பக்கத்தில் வரிசை வரிசையாகப் பாதாம் மரங்கள். தூரத்தில் ஃப்ரீவேயில் லாரிகள், விளக்குப் போட்டுக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக.

"முருகா!" என்றார் டாக்டர்.

நான் ஜி.பி.எஸ்.ஸை அணைத்துக் கதவுப் பையில் போட்டேன்.

"ஏனுங்க அணைக்கறீங்க?"

"தரை தெரியுதுங்களே. இனி கண்ணு போதும்."

பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்கள் பயன்படுத்துகிற, கன்ட்ரோல் கோபுரமில்லாத சின்னத் தளம் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. சிறகின் பின்னால் இறங்கித் தடை போடும் தட்டுகள் மின்சாரத்தில் ஓடுபவை. அவை இல்லாமலே வேகமாக வந்து, ஓடுபாதையின் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிட்டு நின்றோம். உடனே ஓடிப்போய் அங்கிருந்த போனில் கன்ட்ரோலருக்குச் சொன்னேன். மறுமுனையில் அந்த மனிதர் மூச்சை விட்டது என் காதில் காற்றாகவே விழுந்தது. அடுத்து வால்ட்டுக்கு. முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏதாவது சாப்பிட்டாயா?" என்றார். அவரிடமிருந்து அப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

எங்களைக் கூட்டிப்போக டாக்டரின் மனைவி கமலம் காரில் வந்தார். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். கணவர் விமானம் வாங்கிய நாளிலிருந்து அதில் ஏறியதில்லை. டாக்டருக்குப் பேச்சு திரும்பிவிட்டது; வழி நெடுக, புகை எப்படி வந்தது, அம்மிணி எப்படிச் சாட்சி பார்த்தாங்க என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கமலக்கா சாலையைப் பார்த்து ஓட்டியபடி அதைக் கேட்டுக்கொண்டு வந்தார். விமானத்தை விற்கச் சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன். லிவர்மோருக்கு முன்னால் வரும் ஆல்டமான்ட் மேடு ஏறும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாஞ் செரி. வசந்தி இல்லாம நானும் நீங்களும் போயிருந்து, நீங்க மயங்கி விழுந்திருந்தா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அவசர நிலை என்று சொன்னால், பிறகு அரசாங்கம் கேட்கும்போது அறிக்கை கொடுக்க வேண்டும். கொஞ்ச நாளில் அரசாங்க ஆய்வாளர் ஒருவர் கிளப்புக்கு வந்தார். ஒல்லியான, சிரிக்காத மனிதர். விமானத்தைப் பார்த்தார், பலகைக்குப் பின்னால் ஒரு ஒயர் உரசி உரசித் தோல் போயிருந்தது. பிறகு என்னை எதிரே உட்காரவைத்து, "அங்கீகாரமில்லாத கருவியை வைத்து மேகத்துக்குள் வழி பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"பார்த்தேன்."

"அது விதிமீறல் என்று தெரியுமா?"

"தெரியும். எங்கள் கிளப்பின் விதியை எழுதியதே நான்தான்."

"தேவையான அளவுக்குத்தான் மீறலாம். தேவை எவ்வளவு என்று எப்படி முடிவு செய்தீர்கள்?"

"தரை தெரிகிறவரை. தெரிந்ததும் அணைத்துவிட்டேன்."

அவர் நிமிர்ந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டரைப் பார்த்தார். டாக்டர், "ஆமாம் சார், நான்கூட ஏன் அணைக்கிறீர்கள் என்று சண்டைக்குப் போனேன்" என்றார். ஆய்வாளரின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. எங்கள் ஒரு பக்க விதியைக் கேட்டு வாங்கி இரண்டு தடவை படித்தார். வேறு கிளப்புகளுக்கும் காட்டலாமா என்று வால்ட்டைக் கேட்டார். நடவடிக்கை எதுவும் வரவில்லை. வால்ட் என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க அவர் ஜன்னலைப் பார்க்கவே இல்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

அடுத்த வாரம் வகுப்பறைக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தவர் கமலக்கா. புடவைக்குப் பதில் பேன்ட், காலில் புது ஷூ.

"என்னக்கா, டாக்டரைத் தேடி வந்தீங்களா?"

"அவரு எதுக்கு? எனக்கு எப்ப கிளாஸ்?"

மயங்கி விழுந்தால் இறக்கிவிடத் தெரிந்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தார். அதோடு நிற்கவில்லை. தனியாக ஓட்டினார், உரிமம் வாங்கினார், பிறகு ரேட்டிங்குக்கும் வந்து உட்கார்ந்தார். அதற்குள் டாக்டர் தன் விமானப் பலகையில் அங்கீகாரம் பெற்ற ஜி.பி.எஸ். ஒன்றைப் பதித்துவிட்டார். ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகளை நடத்தும் ராணுவமும் பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்ததை நிறுத்தியிருந்தது. கருவிகள் திடீரென்று துல்லியமாகிவிட்டன. எனக்கு அவற்றோடு சண்டை போட ஒன்றும் மிச்சமில்லை.

ரேட்டிங் வாங்கிய பிறகு கமலக்கா நிஜ மேகத்துக்குள் முதன்முதலாக ஓட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். டாக்டர் பின்சீட்டில். கடல் பக்கத்திலிருந்து வந்த மேகம் லிவர்மோரை முழுக்க மூடியிருந்தது. கமலக்காவின் கண்கள் கருவியிலிருந்து கருவிக்குப் போய்வந்துகொண்டிருந்தன. பின்னால் டாக்டர் நகத்தைக் கடிக்கிற சத்தம் ஹெட்ஃபோனில் கேட்டது. உயரம் குறைந்துகொண்டே வந்தது. வெள்ளை சட்டென்று கிழிந்து, நேர் எதிரே, வரிசையாக விளக்குகளோடு, ஓடுபாதை கிடந்தது. கோடு போட்ட மாதிரி நடுவில் வந்திருந்தார்.

டாக்டரால் தாங்க முடியவில்லை. "பலே கமலம்!" என்று படபடவென்று கை தட்டினார்.

கமலக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"சித்த இருங்க," என்றார், "இன்னும் எறங்கலை."